வில்லை நிறுத்துப் பார்த்துச் செதுக்கலாமா? 66 அங்குலம், 45 பவுண்டு, சீமைக்கருவேலம்

கேள்வி: தேவிபட்டினம் வாசகர், 18 அக்டோபர் 2023

அண்ணே, கரிமூட்டத்துக்குப் போக இருந்த சீமைக்கருவேலக் கட்டையில் வில் போட்டிருக்கேன். நீளம் 66 அங்குலம். 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு வேணும், இப்ப 52 காட்டுது. சமையல் தராசில் 745 கிராம். மரவில் 550 கிராமுக்கு மேல் போனாலே மந்தம்னு ஓரிடத்தில் படிச்சேன். அப்படின்னா 200 கிராம் எடுக்கணுமா? எங்கே எடுக்கிறது? நாணை இறக்கினால் நுனி 2 செ.மீ. உள்வாங்கி நிக்குது. கூன் விழுந்தது பிடிக்குப் பக்கத்தில்தான்.

அகலம் பிடியோரம் 5.5 செ.மீ., கை (பிடிக்கும் நுனிக்கும் நடுவில் வளையுற பகுதி) நடுவில் 4.8, நுனிக்கு 10 செ.மீ. முன்னால் 2.2. தடிமன் அதே மூணு இடத்தில் 13, 12.3, 11.6 மி.மீ. அதே கட்டையில் ஜூன் மாசம் எடுத்த துண்டு ஒண்ணு பரணில் இருக்கு: 66 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன். அன்னைக்கு எடை 106 கிராம்.

18 அக்டோபர், இரவு

200 கிராம் எடுத்தால் வில் முறியும், முறியாவிட்டால் கூன் 5 செ.மீ. ஆகும். தராசையும் இழைப்புளியையும் கீழே வையுங்கள். முதலில் அந்தத் துண்டை எடுங்கள், அதில்தான் பதில் இருக்கிறது.

550 என்பது யாரோ ஒருவருடைய மரத்துக்கு, அவருடைய நீளத்துக்கு வந்த எண். அதை நம் கருவேலத்தின் மேல் போடக் கூடாது. ஒரு வில்லுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்பது மூன்று விஷயத்தில் அடங்கும்: இழுக்கும்போது எவ்வளவு ஆற்றலைச் சேமிக்க வேண்டும், ஒரு கிராம் மரம் கூன் விழாமல் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும், வளையாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மரம் (பிடி, நுனி) எவ்வளவு.

துண்டின் கன அளவு 132 க.செ.மீ., எடை 106 கிராம். அடர்த்தி 0.8. இனி இரண்டு சோதனை செய்து எழுதுங்கள்.

ஒன்று விறைப்பு. 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு செங்கல் மேல் துண்டைப் படுக்க வைத்து, நடுவில் 5 கிலோவைத் தொங்கவிட்டு, எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று பாருங்கள். 12 மி.மீ. தாழ்ந்தால் யங் குணகம் (மரத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) 11 கிகா பாஸ்கல். 15 மி.மீ. தாழ்ந்தால் 9-க்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது, எவ்வளவு வளைத்தால் கூன் விழும் என்பது. பழைய ராடு பிரேக் சைக்கிளின் 28 அங்குல ரிம் ஒன்று தேடிப் பிடியுங்கள். டயரைக் கழற்றிய ரிம்மின் வெளி ஆரம் சுமார் 32 செ.மீ. அதே கட்டையிலிருந்து 60 செ.மீ. நீளத்தில் 4, 5, 6 மி.மீ. தடிமனில் மூன்று பட்டைகள் இழைத்து, டியூப் வாரால் ரிம்மோடு ஒட்டிக் கட்டி, பத்து நிமிடம் விட்டு அவிழ்க்க வேண்டும். தடிமனை இரண்டு மடங்கு ஆரத்தால் வகுத்தால் மேற்பரப்பின் திரிபு, அதாவது மரம் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது வரும். 4 மி.மீ. பட்டைக்கு 0.6 சதவீதம், 5-க்கு 0.78, 6-க்கு 0.93. அவிழ்த்த பட்டையின் மேல் 50 செ.மீ. இரும்பு ஸ்கேலை வைத்து நடு இடைவெளியைப் பாருங்கள். 3 மி.மீ.க்குள் என்றால் மரம் அந்தத் திரிபைத் தாங்கும். 8 மி.மீ. வந்தால் தாங்காது, அந்தத் திரிபில் வில் போட்டால் கூன் 4 செ.மீ. பக்கம் போய்விடும். கட்டும்போதே முகத்தைத் தள்ளி வையுங்கள். 6 மி.மீ. பட்டை சொல்லாமல் ஒடியும், சிலாம்பு கண்ணுக்கு வரும்.

21 அக்டோபர்

முடிவு வந்துவிட்டது. 5 கிலோவுக்கு 12 மி.மீ. தாழ்வு. ரிம்மில் 4 மி.மீ. பட்டை 2 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. பட்டை 4, 6 மி.மீ. பட்டை 9. ஆக 0.75 சதவீதத் திரிபை இந்தக் கட்டைக்கு எல்லையாக வைக்கலாம்.

ஒரு கன மீட்டர் மரம் தாங்கும் ஆற்றல் = யங் குணகம் × திரிபின் வர்க்கம் ÷ 6. செவ்வக வெட்டுமுகமுள்ள கைக்கு இந்த 6 பொருந்தும். வயிற்றுப் பக்கம் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) உருட்டிய வில்லுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். உங்கள் மரத்துக்கு 1,03,000 ஜூல், அடர்த்தியால் வகுத்தால் கிலோவுக்கு 129 ஜூல்.

45 பவுண்டு, 28 அங்குலம், நேரான மரவில். சேமிக்கும் ஆற்றல் சுமார் 55 ஜூல். 55-ஐ 129-ஆல் வகுத்தால் 426 கிராம். பிடியும் அதிலிருந்து இறங்கும் சரிவுகளும் 150. இரண்டு நுனியின் கடைசி 10 செ.மீ.யும் சேர்த்து 27. மொத்தம் 603 கிராம்.

தடிமன்? 66 அங்குல வில்லை 28-க்கு இழுத்தால், கை ஒரே சீராக வளைந்தால், வளைவின் ஆரம் 80 செ.மீ. வாக்கில் நிற்கும். 0.75 சதவீதத்துக்கு 12 மி.மீ. உங்களிடம் பிடியோரம் 13 இருக்கிறது. கூன் அங்கே விழுந்ததற்கு ஒரு காரணம் அதுவே.

22 அக்டோபர், காலை

நேற்று எழுதிய 603 தவறு. அதைக் கொண்டு யாரும் செதுக்க வேண்டாம்.

55 ஜூல் என்பது நாண் ஏற்றிய நிலையிலிருந்து முழு இழுப்பு வரை விரல் செய்த வேலை மட்டும். நாண் ஏற்றும்போதே கை வளைந்துவிட்டது, அந்த ஆற்றலும் அதே மரத்துக்குள்தான் இருக்கிறது. அது அம்புக்குப் போகாது, ஆனால் மரம் அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. பிடிக்கும் ஏற்றிய நாணுக்கும் 15 செ.மீ. இடைவெளி என்றால் அது மொத்தத்தில் ஆறில், ஏழில் ஒரு பங்கு வரும். அதாவது இன்னும் 10 ஜூல். 65-ஐ 129-ஆல் வகுத்தால் 504. கூட 177. சுமார் 680 கிராம்.

பத்து ஜூலை விட்டதில் 77 கிராம் பிசகியது. அவ்வளவையும் கைகளிலிருந்து எடுத்திருந்தால் இந்த மரம் போயிருக்கும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. திரிபு வர்க்கத்தில் வருகிறது. 0.75-க்குப் பதில் 0.82 தாங்கும் கட்டை கிடைத்தால் வேலை செய்யும் மரம் 504-லிருந்து சுமார் 422 கிராமுக்கு இறங்கும். அதனால்தான் கரிமூட்டக் குவியலில் நேரான கட்டை கிடைத்ததுமே வில்லுக்கு ஆயிற்று என்று நினைக்க வேண்டாம் என்கிறேன். ஒரே தூரில் வெட்டிய இரண்டு கிளைகள்கூட ஒன்றாக இராது. ஆளுக்கொரு ரிம், கட்டைக்கொரு பட்டை.

22 அக்டோபர், மதியம்

745-லிருந்து 680-க்கு 65 கிராம் எடுக்க வேண்டும், எங்கிருந்து என்பதே முக்கியம். கூன் பிடியோரம் விழுந்திருக்கிறது என்றால் உள்பாதி அதிகம் உழைக்கிறது, வெளிப்பாதி வளையாமல் பாரமாக இருக்கிறது. எனவே பிடியோரத்தைத் தொடக் கூடாது. வெளிப்பாதியில் அகலத்தைக் குறைத்தால் அது வளைய ஆரம்பிக்கும், பாரமும் குறையும், இழுவையும் இறங்கும்.

பிடியோரம் 5.5 அப்படியே. நடுவில் 4.8-ஐ 4.3 ஆக்குங்கள். நுனிக்கு 10 செ.மீ. முன்னால் 2.2-ஐ 1.4 ஆக்குங்கள். இடையில் நேர்கோடு. இதில் 57 கிராம் போகும். கடைசி 10 செ.மீ.யை 1.2 செ.மீ. அகலத்துக்கு ஒடுக்கினால் இன்னும் 7. மொத்தம் 64.

அகலத்தில் எடுப்பது பயமில்லாத வேலை, பத்தில் ஒரு பங்கு எடுத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமன் மும்மடியில் கேட்கும். 12 மி.மீ.யில் 0.3 மி.மீ. சுரண்டினால் 7 சதவீத இழுவை போய்விடும், 45 பவுண்டு வில் 42-க்குக் கீழே நிற்கும். 0.3 மி.மீ. என்பது கண்ணாடிச் சில்லால் சிறிது நேரம் சுரண்டினாலே போகிற அளவு. வயிற்றுப் பக்கம் சுரண்டும்போது பத்து இழுப்புக்கு ஒருமுறை வெர்னியர் வையுங்கள். முதுகுப் பக்கம் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) கையே வைக்காதீர்கள். சீமைக்கருவேலத்தில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது, நார் அறுந்தால் எங்கே அறுந்தது என்று முறிந்த பிறகுதான் தெரியும்.

23 அக்டோபர்

"ஒரு கிராம் எங்கே எடுத்தாலும் ஒரு கிராம்தானே" என்று காரங்காட்டு அன்பர் கேட்கிறார். தராசுக்கு ஒன்றுதான், அம்புக்கு இல்லை.

சீராக வளையும் கையில் ஒரு புள்ளியின் நகர்வு, பிடியிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். கையின் நடுப்புள்ளி, நுனி நகர்வதில் கால்வாசிதான் நகர்கிறது. வேகமும் கால்வாசி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கம், ஆக நடுவில் இருக்கும் ஒரு கிராம், நுனியில் இருக்கும் கிராமை ஒப்பிட 16-இல் ஒரு பங்கு ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்ளும். பிடியில் இருப்பது ஒன்றுமே எடுக்காது. 150 கிராம் பிடியை 100 ஆக்க மெனக்கெட வேண்டாம், கைக்கு நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கோடி என்றால் நுனி. தனுஷ்கோடி என்ற பெயரே வில்லின் நுனி என்பதுதான். நம் கடற்கரையில் வில் செய்கிறவருக்கு அதை நினைவில் வைப்பது கஷ்டமில்லை.

வளரி இதற்கு நேர் எதிர். வளரியில் ஒரு முனை பருத்து, பாரமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பாரம் கையை விட்டுப் பறந்து இலக்குக்குப் போகிறது. வில்லின் நுனிப் பாரம் எங்கும் போவதில்லை.

23 அக்டோபர், இரவு

மேலே எழுதியதை அப்படியே பிடித்துக்கொண்டால் நுனிக்குப் போன ஆற்றல் எல்லாம் வீண் என்று தோன்றும். அது சரியல்ல. நாண் நிமிர நெருங்கும்போது நுனிகள் வேகம் இழக்கின்றன, அவற்றில் இருந்த ஆற்றலில் பெரும்பங்கு நாண் வழியாக அம்புக்கே வந்துசேரும். வராத மீதிதான் கையில் அதிர்வாக உறைக்கிறது. நுனிப் பாரம் கூடினால் அந்த மீதி கூடும்.

இதை ஒரே எண்ணில் அடக்க வழி உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் பால் க்ளோப்ஸ்டெக் 1940களில் சொன்ன மெய்நிகர் நிறை அது. வில்லின் ஆற்றல் முழுவதும் 'அம்பு + கூட ஒரு கற்பனைப் பாரம்' மேல் செலவானதாக வைத்துக்கொள்வது. 55 ஜூல் வில், 32 கிராம் அம்பை நொடிக்கு 47 மீட்டரில் விட்டால் கணக்குப்படி மொத்தப் பாரம் 50 கிராம் பக்கம் வரும். அம்பைக் கழித்தால் 18. அந்த 18 உங்கள் வில்லின் குணம். மரத்தின் உள் உராய்வு, கை, நாண் எல்லாம் அதற்குள் அடக்கம். செதுக்கச் செதுக்க இது இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

வேகம் அளக்கக் கருவி வேண்டாம். 20 மீட்டர் தள்ளி வைக்கோல் பொதி, உங்கள் பக்கத்தில் ஒலிப்பதிவு ஓடும் செல்போன். நாண் சத்தத்துக்கும் அம்பு தைக்கும் சத்தத்துக்கும் இடைவெளியை அலை வடிவத்தில் பாருங்கள். 0.50 நொடி என்றால், தைத்த சத்தம் திரும்பிவர எடுத்த 0.06-ஐக் கழித்து 0.44. அதாவது 45 மீட்டர். ஐந்து அம்பு விட்டு நடு எண்ணை எடுங்கள். பிறகு இரண்டு நுனியிலும் இரண்டிரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை (தலா சுமார் 3–4 கிராம்) கரண்ட் டேப்பால் இறுகச் சுற்றி மறுபடி விடுங்கள். அதே நாணயங்களைக் கை நடுவில் ஒட்டி மூன்றாம் முறை. மூன்றாவது எண் முதல் எண்ணோடு கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும்.

27 அக்டோபர்

நாண் பற்றிய கேள்வி. வலைக்கடை நைலான் நூல் வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீளும், நீளும்போது ஆற்றலைத் தின்னும். பெரிய மீன் தூண்டிலுக்கு விற்கும் பின்னல் நூல் (டைனீமா வகை) நல்லது. நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மெய்நிகர் நிறையில் சேரும், ஆக 12 கிராம் நாணை 7 ஆக்கினால் ஒன்றரைக் கிராமுக்கு மேல் மிச்சம். ஆனால் அந்த மெல்லிய நாண் மரத்தை அறுக்கும். குதையில் (நுனியில் நாண் மாட்டும் இடம்) சிரட்டைச் சில்லு ஒன்றை எப்பாக்சியில் ஒட்டி, அதில் காடி வெட்டுங்கள். கரும்பழுப்பாக முற்றிய சிரட்டை. ஒன்றரைக் கிராம் கூடும், பரவாயில்லை.

9 நவம்பர்

தேவிபட்டினத்துத் தம்பி வெளிப்பாதியில் அகலம் குறைக்கத் தொடங்கிவிட்டார். 722 கிராம் வந்திருக்கிறதாம், இழுவை 48. "இன்னும் 42 கிராம்தான் அண்ணே" என்கிறார்.

நிறுத்துங்கள் தம்பி. இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்தச் சோதனைத் துண்டை இன்றைக்கு நிறுத்தீர்களா? 106 என்பது ஜூன் எடை. ஓட்டுக்கு அடியில் பரண், மேல்காற்று, வெயில். இப்போது வாடைக்காற்று, மழை, கடலோரம். துண்டை வில்லோடு ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் தொங்கவிட்டு எடை சொல்லுங்கள்.

11 நவம்பர்

110 கிராம். நினைத்தது சரியாகிவிட்டது.

110-ஐ 106-ஆல் வகுத்தால் 1.038. ஜூனில் மரத்தின் ஈரம் 10 சதவீதம் என்று வைத்தால் இப்போது 14. அந்த 680 கிராமும் ஜூன் அடர்த்தியில் போட்ட கணக்கு, ஆக இன்றைய ஈரத்தில் அது 706. எடுக்க வேண்டியது 42 இல்லை, 16.

பாரம் மட்டும் அல்ல. ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் விறைப்பு சுமார் 2 சதவீதம் இறங்கும். இன்று 48 காட்டும் வில் காய்ந்தால் 52 பக்கம் போகும். ஆக, இன்று 45 என்று நிறுத்தினால் கோடையில் 49, எதிர்பார்த்ததைவிட விறைப்பான வில். அதைவிட மோசம், ஈர மரம் சீக்கிரம் கூன் வாங்கும். மழைக்காலத்தில் முழு இழுப்பு இழுத்துப் பார்ப்பதே மரத்தைக் கெடுக்கிற வேலை. வாங்கிய கூன் காய்ந்த பிறகு திரும்பாது.

செய்ய வேண்டியது இது. நீளமான அட்டைப்பெட்டி அல்லது பழைய டியூப்லைட் பெட்டிகளை ஒட்டிச் செய்த குழல். உள்ளே 40 வாட் குண்டு பல்பு, மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. மேலே விரல் அளவு ஓட்டைகள். உள்ளே 35–38 டிகிரிக்கு மேல் வேண்டாம். இரண்டு நுனியின் வெட்டுமுகத்திலும் ஃபெவிக்கால் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வெடிப்பு ஓடும். நாண் ஏற்றாமல் வில், பக்கத்தில் துண்டு. தினமும் துண்டை மட்டும் நிறுங்கள். அது 106-க்கு இறங்கி மூன்று நாள் அங்கேயே நின்றால் வில்லும் அங்கே வந்திருக்கும். வில் துண்டைவிடக் கொஞ்சம் பருமன், அதனால் இரண்டு நாள் கூடவே விடலாம். பல்பை இரவில் அணைத்துவிட்டால் வெளியேறிய ஈரம் திரும்ப நுழையும், ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் எரியவும் விடக் கூடாது. இரவில் பெட்டியோடு பாலித்தீனில் சுற்றிவிடுங்கள்.

இனி யார் கேட்டாலும் முதல் வரியில் சொல்வேன்: வில்லுக்கு ஒரு சாட்சித் துண்டு வேண்டும். ஒரே கட்டை, எடை பென்சிலால் அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

12 நவம்பர்

பனையில் போடலாமா என்று கேட்டவருக்கு. வெளிவைரம் இழுவிசைக்கு நல்லது, முதுகுக்குப் பட்டையாக ஒட்டலாம். முழு வில்லாக வேண்டாம். பனையில் பாரம் வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் குறையும், ஒரே அடர்த்தி என்று போடும் இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. கரும்நார் தனித்தனியாகக் கிளம்பிச் சிலாம்பாக நிற்கும், அரத்தை நார் ஓட்டத்துக்கு எதிராகப் போட்டால் கட்டாயம் கிளம்பும்.

பூவரசு கருவேலத்தைவிட லேசு, நேராக வளர்ந்த கட்டையும் கிடைக்கும். அதே ரிம்மில் அதையும் கட்டிப் பாருங்கள்.

சீமைக்கருவேலத்தில் 170 செ.மீ. நேர்க்கட்டை அபூர்வம். 90 செ.மீ. கட்டை இரண்டை, ஒரே தூரில் வெட்டியதாக, பிடிக்குள் 10 செ.மீ. வாய்க்கு ஆப்பு வடிவில் பொருத்தி ஒட்டுவது தப்பே இல்லை. ஒட்டு பிடிக்குள் இருக்கிறது, வளையாத மரம் அது, கணக்கில் ஒன்றும் மாறாது. ரம்பத்தில் பலகை அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது நல்லது. பிளவு நார் வழியே போகும், மரம் முறுக்கு வாங்கியிருந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

6 டிசம்பர்

துண்டு 106.5-இல் நிற்கிறது. வில் காய்ந்து 696 கிராம், 28 அங்குலத்தில் 51. பெட்டிக்குள் போனபோது 722. அந்த 26 கிராமும் தண்ணீர்.

இனி மிச்சம் 16 கிராம். கீழ்க்கையைவிட மேல்கை கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது, நுனிக்கு 25 செ.மீ. முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு நேராக நிற்கிறது. அங்கே அகலத்தில் பக்கத்துக்கு 1 மி.மீ. எடுத்துவிட்டு முப்பது முறை 20 அங்குலம் வரை இழுத்து விடுங்கள். மரம் புது வளைவுக்குப் பழக அவ்வளவு வேண்டும். உடனே அளந்தால் பொய் எண் காட்டும். பிறகுதான் இழுவை பார்ப்பது.

14 டிசம்பர்

683 கிராம், 46 பவுண்டு, கூன் 2.3 செ.மீ. மூன்று மி.மீ. கூடியது ஈரத்தில் இழுத்ததற்கான விலை. இந்த மரத்தில் இதற்குமேல் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு பவுண்டுக்காகச் சில்லைத் தொடாதீர்கள். நூறு அம்பு விட்டால் தானே இறங்கும்.

பூச்சு மட்டும் பாக்கி. வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயைக் கேட்டிருக்கிறீர்கள், அது ஆவி ஈரத்தைத் தடுக்காது, நாற்றமும் போகாது. அரக்கு பாலிஷ் தடுக்கும். வில் இன்னும் 106.5 ஈரத்தில் இருக்கும்போதே, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, துணியில் தொட்டு மெல்லிசாக ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தேய்ந்த உப்புத்தாள். நுனிக்கு 10 செ.மீ. இருக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள், பாலிஷ் வழிந்து சேர்வது குதையில்தான். பூசும் முன்னும் பின்னும் நிறுத்து, எத்தனை கிராம் ஏறியது என்று இங்கே எழுதுங்கள் தம்பி.